கஸ்டமர்கிட்ட மட்டும்

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புடவைக் கடையில பத்து வருசமா நிக்கறேன். எங்க கடை ரூல் ஒண்ணு இருக்குது, கேட்டா சிரிப்பீங்க. சாமி பாத்துட்டு வேலூரு, காஞ்சிபுரம்னு போற ஜனங்ககிட்ட, "வாங்கக்கா, உக்காருங்கக்கா"ன்னு வாய் நெறைய தமிழ் பேசணும். ஆனா வேலை செய்யற நாங்க எங்களுக்குள்ள ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாது. மொதலாளி போட்ட சட்டம். புடவை விக்கறதுக்கு தமிழ் வேணும், மடிக்கறவளுக்கு வேணாமாம். நல்லா இருக்குதில்ல நியாயம்?

நான் தமிழ்நாட்டு பார்டராண்ட இருக்கற நகரிக்காரி, பேரு வரலட்சுமி. நைனா பவர்லூம் ஓட்டனவரு. வூட்ல தமிழ்தான். ஆனா கடையில ஒருத்தருக்கும் தெரியாது, தெலுங்கு அப்படிப் பேசுவேன். கஸ்டமர்கிட்ட பேசற தமிழைக் கூட, புதுசா கத்துக்கினவ மாதிரி இழுத்து இழுத்துதான் பேசறது. அடுத்த மாசம் பட்டு செக்‌ஷன் உனக்குதான்னு சூப்பர்வைசர் கேசவன் அண்ணன் சொல்லியிருந்தாரு.

பாப்பாத்தின்னு ஒருத்தி, கடைக்கு வேலைக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சி. ஊத்துக்கோட்டைலேர்ந்து பிச்சாட்டூருக்கு வாக்கப்பட்டவ. தெலுங்கு கேட்டா புரியும், வாயில வராது. புருசன் கால் ஒடிஞ்சி வூட்ல கெடக்கறான். இவ வேலைக்கு வந்தாதான் அடுப்பு எரியும்.

அன்னிக்கு காலைல ஸ்டூல் மேல ஏறி மேல் ரேக்குல கை வெச்சேன். பெரிய பண்டல் ஒண்ணு சரிஞ்சிது. நேர் கீழ பாப்பாத்தி குனிஞ்சி மடிச்சிக்கினு இருக்கறா. "ஏய்! தள்ளுடி, தள்ளு!"ன்னு கத்திட்டேன். பதறுனா யாருக்கு எந்த பாஷை வரும், நீங்களே சொல்லுங்க? அவ தள்ளிட்டா, பண்டல் தொப்புன்னு தரையில வுழுந்துது.

கேசவன் அண்ணன் ஓடியாந்தாரு. "எவரு அரவம் மாட்லாடிந்தி?" யாரு தமிழ் பேசனதுன்னு. தமிழுக்கு இங்க அரவம்னு பேரு. அதைச் சொல்லும்போது மூஞ்சியைச் சுளிப்பாங்க பாருங்க, எனக்கு உள்ள எரியும். அவரு கண்ணு நேரா பாப்பாத்தி மேல போச்சி. தமிழ் பேசுனான்னு போன வாரமே அவளை ஒரு தடவை வார்ன் பண்ணியிருந்தாரு. "இப்புடே வெள்ளிப்போ"ன்னாரு. இப்பவே கெளம்பிப் போன்னு.

அவ என்னை நிமிந்து பாத்தா. நீதானே கத்துனன்னு ஒரு வார்த்தை சொல்லல. டிபன் டப்பாவை எடுத்துக்கினு போயிட்டா. நான்? ஸ்டூல் மேலயே நின்னுக்கினு இருந்தேன். த்தூ, நானும் ஒரு மனுசியா!

அரை மணி நேரத்துல வேன் நெறைய ஆரணி ஜனம் வந்து எறங்குச்சி. அதுல ஒரு அக்கா என் கையைப் புடிச்சிக்கினு, "அப்பாடா, நம்ம பாஷை பேசற பொண்ணு கெடச்சிது"ன்னு சந்தோசப்பட்டா. எனக்கு தாங்கல. கையை எடுத்துட்டு நேரா கேசவன் அண்ணன்கிட்ட போனேன்.

"அண்ணா, கத்தனது நானு. அவ வாயே தொறக்கல. அனுப்பறதுன்னா என்னை அனுப்பு."

எங்க வூட்டுத் தமிழ்லயே சொன்னேன். பட்டு செக்‌ஷனுக்கு அப்பவே முழுக்கு போட்டாச்சி.

அவரு மேல் மாடிப் படியை ஒரு தரம் பாத்தாரு. மொதலாளி ரூம் அங்கதான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கினு, "மெல்லப் பேசும்மா. அவரு காதுல வுழுந்தா நாம மூணு பேருமே வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்"னாரு. தமிழ்ல!

"மூணு பேரா? அண்ணா, நீயுமா?"

"எங்க ஊரு காணிப்பாக்கத்தாண்ட. வூட்ல தமிழ்தான்."

பத்து வருசம்! ஒரே கூரைக்கு கீழ, ஒருத்தருக்கொருத்தர் பயந்துக்கினு, தெலுங்குலயே சோறு துன்னியான்னு கேட்டுக்கினு இருந்திருக்கறோம். எனக்கு கோவம் தலைக்கேறிச்சி. "அப்புறம் எதுக்கு அவளை வெரட்டுன?"

"பயம்மா"ன்னாரு, தலையைக் குனிஞ்சிக்கினு. "ஓடு, பஸ் ஏறிடப் போறா. கூட்டிக்கினு வா."

ஓடினேன். பிச்சாட்டூர் பஸ் கெளம்பிக்கினு இருந்துது. ஜன்னலாண்ட அவ தலை தெரிஞ்சிது. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தனேன்: "ஏய் பாப்பாத்தி! எறங்குடி கீழ!"

எறங்குனவ என் வாயைப் பொத்த வந்தா. "மெல்லக்கா, கடைக்காரங்க யாருக்காச்சும் கேட்டுடப் போவுது."

"கேக்கட்டும்டி"ன்னேன்.