முப்பத்தொரு ரன்

ரஞ்சித்குமாருக்கு பேஸ்பால் தெரியாது. தெரியாததை மறைக்கிற சாமர்த்தியமும் கிடையாது. வேலைக்கு இன்டர்வியூ நடந்த அன்றே சொல்லிவிட்டான். "அதனால்தான் உன்னை எடுக்கிறேன்" என்றார் வால்டர் கெஸ்லர். ஆட்டம் தெரிந்தவன் ஆளைப் பார்த்து மயங்குவான், தெரியாதவன் எண்ணை மட்டும் பார்ப்பான் என்பது அவருடைய சித்தாந்தம். சித்தாந்தம் பேசுகிற முதலாளியிடம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று உடுமலைப்பேட்டையில் யாரும் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

கம்பெனி என்று பெயர்தான் பெரிது. பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஓயாமல் பேப்பர் துப்புகிற ஒரு ஃபேக்ஸ் மெஷின். சின்னச் சின்ன பேஸ்பால் டீம்களுக்கு எந்த ஆட்டக்காரனை எடுக்கலாம், யாரை விடலாம் என்று ரிப்போர்ட் எழுதித் தருவது தொழில். அந்தக் கம்பெனிக்குச் சோறு போட்டது ராரிட்டன் ஹெரன்ஸ் என்ற ஒரே டீம். அதன் ஓனர் ஒரு மெத்தைக் கடைக்காரர். மெத்தையை எப்படி வாங்குவாரோ அப்படித்தான் ஆட்களையும் வாங்குவார். விலை குறைவாக இருக்க வேண்டும், பார்க்க நன்றாக இருக்க வேண்டும்.

1998 முடிகிற சமயத்தில் அவருக்கு ரிலீஃப் பிட்ச்சர் தேவைப்பட்டது. ஆட்டம் ஆரம்பிக்கும்போது பந்து போடுகிறவன் களைத்துப் போனதும், பாதியில் உள்ளே வந்து காப்பாற்ற வேண்டியவன். ஒப்பந்தம் முடிந்து, எந்த டீமிலும் இல்லாத ஃப்ரீ ஏஜென்ட்கள் நாற்பது பேரின் ஸ்கோர்ஷீட்டுகள் ஃபேக்ஸில் வந்து குவிந்தன. ரஞ்சித் ஒவ்வொரு ஆட்டத்தையும் தட்டி ஏற்றி, தான் எழுதிய புரோகிராமில் ஓடவிட்டான். லீக் பதிவுக்கும் கம்ப்யூட்டர் கணக்குக்கும் அதிக வித்தியாசம் இருந்த இரண்டு பெயர்கள் மேலே வந்து நின்றன.

ஒருவர் டேல் ப்ரூயிட். முப்பத்தைந்து வயது, பதினான்கு வருஷ அனுபவம். லீக் பதிவுப்படி நாற்பத்தெட்டு இன்னிங்ஸில் பன்னிரண்டு ரன் மட்டும் கொடுத்தவர். கம்ப்யூட்டரோ முப்பத்தொன்று என்றது. இன்னொருவன் கைல் பாஸ்டிக், இளவட்டம், ப்ரூயிட் கேட்ட சம்பளத்தில் பாதிக்கு வருகிறவன். லீக் பதிவில் அவன் முப்பத்துநான்கு ரன் கொடுத்திருந்தான். கம்ப்யூட்டர் பதினைந்துதான் என்றது.

வால்டர் துள்ளிக் குதிக்காத குறை. லீக் பதிவு பொய் சொல்லும், எங்கள் கம்ப்யூட்டர் சொல்லாது என்பதுதான் அவர் ஊர் ஊராக விற்கிற சரக்கு. அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? ரிப்போர்ட் போனது. மெத்தைக் கடைக்காரர் அரை விலைச் சரக்கைப் பார்த்து மகிழ்ந்து, ஜனவரி முதல் வாரமே பாஸ்டிக்கை எடுத்துக்கொண்டார்.

ரஞ்சித்தின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. அவனுடைய எச்-1 விசாவின் ஆறு வருஷம் வரும் செப்டம்பரில் முடிகிறது. அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. கிரீன் கார்டுக்கு அடுத்த கட்ட மனுவில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். "ஹெரன்ஸ் வேலை முடியட்டும்" என்று வால்டர் தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். வேறு கம்பெனிக்குப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு வருஷம் இல்லை. அந்த ஒரு கையெழுத்துக்காக அவன் சம்பள உயர்வு கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை, ஹீட்டர் ஓடாத அறையில் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை மதியம் போன் அடித்தது. வால்டர் வெளியே போயிருந்தார்.

"நான் டேல் ப்ரூயிட். என்னைப் பற்றி ரிப்போர்ட் எழுதியது யார் என்று தெரியுமா?"

"நான்தான்" என்றான் ரஞ்சித், தயங்கித் தயங்கி.

திட்டப்போகிறார் என்று நினைத்தான். அவர் திட்டவில்லை. "முப்பத்தொரு ரன் என்று ஓனர் போனில் வாசித்துக் காட்டினார். மற்ற டீம் ஓனர்களுக்கும் சொல்லியிருக்கிறார் போல, யாரும் கூப்பிடுவதில்லை. எனக்குப் பன்னிரண்டுதான் ஞாபகம். ஹெரன்ஸில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பட்டியலை மூடுகிறார்கள். எண் தப்பு என்று உங்கள் ஆபீஸ் சொன்னால் அந்த இடம் எனக்கு என்றார் ஓனர். ஒரு தடவை சரிபார்க்க முடியுமா?"

ஒரு ஆட்டத்தின் தேதியைச் சொல்லச் சொன்னான். அவர் ஜூலை ஒன்பது என்றார். ரஞ்சித் ஷீட்டைத் தேடி எடுத்தான். "நீங்கள் ஏழாவது இன்னிங்ஸில் வந்திருக்கிறீர்கள். மூன்று ரன் போயிருக்கிறது."

"நான் வரும்போதே அடுத்து ஓடி ரன் எடுக்க மூன்று பேஸிலும் ஆட்கள் நின்றார்கள், தம்பி. அவர்களை ஏற்றிவிட்டது எனக்கு முன்னால் போட்டவன். அந்த ரன் அவன் கணக்கு. எனக்கில்லை."

"பந்து போட்டது நீங்கள்தானே?" என்று கேட்டான் ரஞ்சித். உண்மையான சந்தேகம்.

"நீ பேஸ்பால் ஆடியதில்லை, இல்லையா?" என்றார் ப்ரூயிட். குரலில் கோபமே இல்லை.

நாளைக்குள் பார்த்துச் சொல்வதாகச் சொல்லி நம்பரை வாங்கிக்கொண்டான். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது காலேஜ் டீமுக்கு ஆஃப் ஸ்பின் போட்டவன் அவன். கிரிக்கெட்டில் உன் பந்தில் ஓடினால் அந்த ரன் உன் கணக்கு. அதில் பேச்சே கிடையாது. அந்த நியாயத்தையே எவரையும் கேட்காமல் புரோகிராமில் எழுதி வைத்திருந்தான். வால்டர் கொடுத்த விதிப் புத்தகத்தில் ஆடுகிற விதிகளையெல்லாம் அடிக்கோடிட்டுப் படித்தவன், கடைசிப் பகுதியில் ஸ்கோர் எழுதுகிறவர்களுக்கு என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு மூடிவிட்டான். இப்போது பிரித்துப் பார்த்தால், ஆளை பேஸில் ஏற்றிவிட்டவன் கணக்கில்தான் ரன் என்று அங்கேதான் எழுதியிருந்தது.

கணக்கைத் திருத்தி மறுபடி ஓடவிட்டான். ப்ரூயிட்டுக்குப் பன்னிரண்டு. நெருப்பு பிடித்த வீட்டை அணைக்க அனுப்பப்பட்ட மனிதரிடமே கூரை எரிந்ததற்கும் கணக்குக் கேட்டிருக்கிறான் ரஞ்சித். பாஸ்டிக்குக்கு முப்பத்துநான்கு. அவன் வருவான், இரண்டு பேரை ஏற்றிவிடுவான், வெளியே போய்விடுவான். அந்த ஆட்கள் ஓடிய ரன்னெல்லாம் பின்னால் வந்தவர்கள் தலையில் விழுந்திருந்தது. ரஞ்சித் அந்த அப்பாவிகள் பட்டியலைப் பார்த்தான். இரண்டு வருஷ ரிப்போர்ட்டுகள் அத்தனையும் இதே புரோகிராம்.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் மனைவி வான்மதியிடம் சொன்னான். அவள் எம்.சி.ஏ. படித்தவள். டிபென்டென்ட் விசாவில் ஐந்து வருஷமாக வீட்டில் இருக்கிறாள். வேலை செய்யக் கூடாது. குழந்தை வெண்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

"செரி பண்ணிச் சொல்லிப்போடுங்க. தப்புன்னு தெரிஞ்சப்பறம் என்ன?" என்றாள் வான்மதி.

"சொன்னா ஹெரன்ஸ் போயிரும் வானு. ஹெரன்ஸ் போனா கம்பெனி இல்ல. கம்பெனி இல்லீன்னா யாரு கையெழுத்துப் போடறது?"

அவள் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அவருக்கு வேற டீம் கெடைக்காதுங்களா?"

"ஃப்ரீ ஏஜென்ட்டுன்னு பேரு. எங்க வேணா போலாம், கூப்பிடறதுக்கு ஆளிருந்தா."

"போலாம்ங்கறதாச்சும் இருக்குதில்லீங்க அவருக்கு. நாம செப்டம்பர்ல பெட்டி கட்டோணும். வெண்பாவுக்கு ஸ்கூல்ல பேரு குடுத்தாச்சு." சொன்னபின் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, திரும்பாமலே, "பாவமுங்க அந்தாளு" என்றாள்.

வியாழக்கிழமை காலை இரண்டு பிரின்ட் அவுட்டையும் வால்டரின் மேஜையில் வைத்தான். வால்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். மனிதர் வாய்ச்சவடால் பேர்வழிதான், ஆனால் பேஸ்பால் தெரியும். அரை நிமிஷத்தில் புரிந்துகொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை ரிப்போர்ட்டில் இந்தத் தப்பு?"

"எல்லாவற்றிலும்."

வால்டர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்து வைத்தார். கிரீன் கார்டு மனு. வக்கீல் தயார் செய்து அனுப்பி இரண்டு மாதமாகிறது என்று மேலே இருந்த தேதி சொன்னது. இரண்டு மாதமாக அது அந்த டிராயரிலேயே கிடந்திருக்கிறது. ரஞ்சித்துக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன பண்ண?

"இதில் முதலாளி என்று போட்டிருக்கும் இடத்தில் இந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது" என்றார் வால்டர். "ப்ரூயிட்டின் எண் தப்பு என்றால், மற்றது எது தப்பு என்று ஓனர் கேட்பார். நான் என்ன சொல்ல? அடுத்த மாதம் இந்த அறைக்கு வாடகை கொடுக்க முடியாது. நான் எங்காவது கார் விற்கப் போவேன், பிழைத்துக்கொள்வேன். நீ?"

ரஞ்சித் அந்தக் கவரையே பார்த்தான்.

"திருத்திய புரோகிராமையே வைத்துக்கொள். இனிமேல் எல்லா ரிப்போர்ட்டும் சரியாகப் போகட்டும். இந்த ஒரு ஆளிடம் மட்டும் பேசிவிடு. உன்னிடம்தானே கேட்டார், நீயே பேசு." போனை அவன் பக்கம் நகர்த்தினார். பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவன் டயல் செய்தான். முதல் மணியிலேயே ப்ரூயிட் எடுத்துவிட்டார். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

"மிஸ்டர் ப்ரூயிட், பார்த்தேன். கம்ப்யூட்டரில் முப்பத்தொன்று என்றுதான் இருக்கிறது." பொய் இல்லை, பழைய கணக்கு இன்னும் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் காரில் செதுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"ஏறி நின்ற ஆட்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாயா?"

வால்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பல் டாக்டரின் மெஷின் சத்தம் கேட்டது.

"கழித்துவிட்டுத்தான்" என்றான் ரஞ்சித். செதுக்கி வைத்த வாக்கியம் அத்துடன் வீணாகிப்போனது.

"ஷீட்டை நீயே பார்த்தாயா? உன் கண்ணால்?"

"பார்த்தேன்."

"முப்பத்தொன்று."

"முப்பத்தொன்று."

ப்ரூயிட்டின் குரல் அவனோடு பேசுகிற மாதிரியே இல்லை. "நான் நன்றாகப் போடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருஷம். எனக்கே தெரியாமல் போயிருக்கிறது பார். என் மனைவி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், போதும் என்று. சரி தம்பி. பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தது நீ ஒருவன்தான். ரொம்ப நன்றி."

வால்டர் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதி, கவரில் போட்டு நீட்டினார். "வக்கீலுக்கு இன்றே அனுப்பிவிடு" என்றார்.

ரஞ்சித் தன் அறைக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தான்.

"போட்டுட்டாருங்களா?" என்றாள் வான்மதி.

"போட்டாச்சு."

மறுமுனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்: "அந்தாளு என்னங்க சொன்னாரு?"

"நன்றி சொன்னாரு."