மக்டலீன் திறக்காத கடிதம்

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகத்தான் தொடங்கியது. சிறு வியாபாரங்கள் கணினித் திருட்டிலிருந்து தப்புவது எப்படி என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஆறு விதிகள் எழுதி, ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். முடிந்ததும் ஒரு பெண் என் கார் வரைக்கும் வந்தார்.

"ஆறும் சரிதான். ஆனா எனக்கு நடந்தது அதுக்குள்ள இல்லை."

யோகராணி என்பது நான் அவருக்கு வைத்த பெயர்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, கறுத்த திரையில் ஒரு' —

வேண்டாம். அன்று பனி கொட்டவில்லை. (பனியில்லாமல் ரொறன்ரோக் கதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.)

முதியவர்களின் வீடுகளுக்கு உதவியாளர்களை அனுப்புவது யோகராணியின் தொழில். பதினான்கு உதவியாளர்கள், முப்பத்தெட்டு வீடுகள். அலுவலகத்தை ஒன்பது வருடமாக நடத்துபவர் மக்டலீன். அன்று காலை ஆறரைக்கு அவர் கணினியைப் போட்டார். யார் எந்த வீட்டுக்குப் போவது என்ற பட்டியல் உட்பட ஒரு கோப்பும் திறக்கவில்லை. யாரோ எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டிருந்தார்கள். கோப்புகளின் நகலைச் சேமிக்கும் பெட்டியைக் கணினியிலிருந்து ஒருநாளும் கழற்றி வைத்ததில்லை. அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

"அக்கா, நேற்று நான்தான் ஏதோ கடிதத்தைத் திறந்திட்டன் போல," என்று மக்டலீன் யோகராணியிடம் அழத் தொடங்கினார்.

3

இங்கேதான் என் பாத்திரத்தின்மீது எனக்குச் சந்தேகம் வந்தது. ஏனென்றால் யோகராணிக்குத் தெரியும். திங்கள் மத்தியானம், அவசரத்தில், வங்கியிலிருந்து வந்ததுபோல் இருந்த கடிதத்தைத் திறந்து கடவுச்சொல்லை அடித்தது அவர்தான்.

சொல்ல வாய் திறந்தார். "அழாதையும். முதல்ல ஆக்களுக்குப் போன் எடுப்பம்," என்று மட்டும் வந்தது.

[அவரை நல்லவராகக் காட்ட இங்கே ஒரு வரி எழுதினேன். வெட்டிவிட்டேன்.]

உதவியாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "இண்டைக்கு உமக்கு எந்தெந்த வீடு?" மக்டலீன் பென்சிலால் எழுதினார். ஒன்பது மணிக்கு முப்பத்தேழு வீடுகள். ஒன்று குறைந்தது.

"ஐயோ, சூசைதாசன் அங்கிள்! அவரிட்டப் போற நிலாணி லீவு. வேற ஆளுக்கு இண்டைக்குக் காலமைதான் சொல்ல இருந்தனான்."

ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில், மகன் வேலைக்குப் போனபின் தனியாக இருப்பவர். ஆள் பிடிக்காமல் கட்டிலிலிருந்து எழும்ப முடியாது. யோகராணி காரை எடுத்தார்; மக்டலீனும் ஏறிக்கொண்டார். வாசல் கதவைத் திறக்கும் இலக்கம் மக்டலீனுக்கு மனப்பாடம்.

"பத்து மணியாகுது. தேத்தண்ணி எங்க?" என்றார் சூசைதாசன், படுத்தபடியே.

மக்டலீன் அழுதுகொண்டே சிரித்தார். யோகராணி குசினிக்குப் போய்க் கேத்தலை வைத்துவிட்டு, அது கொதித்து அடங்கிய பின்னும் அங்கேயே நின்றார். திரும்பி வரும் வழியிலும் சொல்லவில்லை.

4

பணம் கொடுக்கவில்லை. இரண்டு கிழமையில் பட்டியலைப் புதிதாகக் கட்டியெழுப்பினார்கள். இப்போது நகல் பெட்டியைக் கழற்றி வைக்கிறார்கள். மறுநாள் பட்டியலைப் பின்னேரமே அச்செடுக்கிறார்கள். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் இலக்கத்தையும் கேட்கிறது கணினி. என் துண்டறிக்கைக்கு முழு மதிப்பெண்.

ஆனால் மக்டலீன் இப்போது எந்தக் கடிதத்தையும் தனியாகத் திறப்பதில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோவன்," என்று யாரையாவது கூப்பிட்டு, அவர்கள் தலையாட்டிய பிறகுதான்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் யோகராணி எல்லோர் முன்னும் சொல்லிவிடுகிறார். மற்றதில் ஒருநாளும் சொல்வதில்லை. இரண்டையும் யோகராணிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"நீங்கள் கதையைப் போடுங்கோ. மக்டலீன் ஒரு கதையும் விடாம வாசிக்கிறவ. பேர் மாத்தினாலும் அவவுக்கு விளங்கும்."

"அப்ப நான் சொன்னதாயெல்லோ போகும்," என்றேன். "நீங்கள் சொல்லும்வரைக்கும் இதை ஒருத்தருக்கும் அனுப்பமாட்டன்."

ஆறு மாதம் கிடந்தது. போன வியாழக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது: 'இனி அனுப்பலாம்.'

ஆகவே நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அவர் மக்டலீனிடம் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மூன்றாவது முடிவொன்றை எழுதவும் மனமில்லை. அந்த இருவரையும் இப்போது எனக்குத் தெரிந்தளவு உங்களுக்கும் தெரியும்.

மக்டலீன் என்ன சொல்லியிருப்பார்?