மச்சான் கட்டின சிங்க்

றோயின் ஊரான பேசாலையில், கடலடி வேலைக்கு இறங்குகிறவனின் காற்றுக்குழாயைப் பிடிக்க மனைவியின் சகோதரனைத்தான் வள்ளத்தில் இருத்துவார்கள். சகோதரி விதவையாகக் கூடாது என்பதற்காகவாவது அவன் கண்ணயர மாட்டான். றோய்க்கு வாய்த்தவர் மனைவி நிறஞ்சலாவின் அண்ணன் அமிர்தநாயகம். மூச்சுக்கு மூச்சு பேசுவார். குழாயை மட்டும் விடமாட்டார்.

இருவருக்கும் ஒரு இறால்குஞ்சுப் பண்ணையில் வேலை. அந்தப் பண்ணை கடல்தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில், நாலு பாகம், அதாவது இருபத்துநாலடித் தாழ்வில், ஒரு இரும்புக்கூடு இருந்தது. அதன் மூடியைப் பிடித்திருந்தவை எட்டு நிக்கல் போல்ட்டுகள். துருவே பிடிக்காத சாமான். கூட்டைக் காக்க ஒரு மூலையில் சிங்க், அதாவது துத்தநாகக் கட்டி ஒன்றும் உண்டு. இரும்புக்குப் பதிலாக அது கரைந்து போகும்.

மாசியில் மூன்று போல்ட்டுகள் தலையறுந்து விழுந்தன. துரு ஒரு பொட்டும் இல்லை. றோய் முரட்டுத்தனமாக இறுக்கிவிட்டான் என்று மேற்பார்வையாளர் முடிவு கட்டி, கொழும்புப் பொறியியலாளரும் அப்படியே சொன்னால் அவனை வேலையிலிருந்து நிற்பாட்டுவதாகச் சொல்லிவிட்டார். நிறஞ்சலாவுக்கு அது பொறுக்கவில்லை.

“என்ர மனுசன் ஜாம் போத்தில் மூடியையே என்னட்டைத்தான் தாறவர் திறக்கச் சொல்லி” என்று தெரு ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அது அவனுக்கு இன்னும் வெட்கமாய்ப் போயிற்று.

பொறியியலாளர் சுவேதினி வந்தாள். வள்ளத்தில் இருந்தபடியே அறுந்த போல்ட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இறுக்கி முறிந்தது இப்படி இருக்காது, இது வெளித்தோலிலிருந்து உள்ளே ஊர்ந்த வெடிப்பு என்றாள்.

“சிங்க் கரையேக்க போல்ட்டின்ர தோலில ஹைட்ரஜன் உண்டாகும், அண்ணை. இது உரமான போல்ட், அதாலதான் அந்த வாயுவைக் குடிச்சிட்டு நொறுங்குது. ஆனா மூலையில கிடக்கிற ஒரு கட்டி இவ்வளவு செய்யாது. கிட்ட வேற சிங்க் இருக்கோ எண்டு பார்த்து வாங்கோ.”

றோய் இறங்கினான். மூடியின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினான். போல்ட்டுகளை ஒட்டி ஆறு சிங்க் கட்டிகள், வள்ளத்து எஞ்சின் சுழலிக்குப் போடுகிறவை, கம்பியால் கட்டிக் கிடந்தன. கம்பிமுனை ஒவ்வொன்றும் கையைக் கீறாதபடி உள்ளே மடித்திருந்தது. அப்படி மடிக்கிறவர் மச்சான் ஒருவர்தான். போன ஆவணியில் மூடியைக் கழற்றிக் கரையேற்றிவிட்டு றோய் மடு மாதா திருநாளுக்குப் போனபோது, அதைச் சுரண்டித் துப்பரவாக்கி, பிறகு உள்பக்கம் கீழே இருக்க இறக்கித் தந்தவரும் அவர்தான்.

மேலே வந்து, தண்ணீர் கலங்கல், ஒன்றும் தெரியவில்லை என்றான். சுவேதினி வள்ளத்தின் ஓரத்தால் எட்டிப் பார்த்தாள். அடியில் கிடந்த சிப்பி வரைக்கும் தெரிந்தது.

“அவன் பொய் சொல்லுறான், பிள்ளை” என்றார் அமிர்தநாயகம். “நான்தான் கட்டினனான். மூடியை உப்புத் திண்டா இவன்ர தலையிலயெல்லோ விழும். ஒண்டு காணாது, கூடப் போடுவமெண்டு நினைச்சன்.”

சுவேதினி அறிக்கைத்தாளை எடுத்தாள். றோயின் கையில் பிழையில்லை என்று எழுதினாள். ஆறையும் கழற்றச் சொன்னாள், போல்ட்டுகளை உரம் குறைந்தவையாக மாற்றச் சொன்னாள். கேளாமல் எதையும் கட்டுவதில்லை என்று அமிர்தநாயகத்திடம் கையெழுத்தும் வாங்கினாள்.

“மேற்பார்வையாளர் என்னை நிப்பாட்டியிருந்தா என்ன செய்திருப்பாய்?” என்று றோய் கேட்டான்.

“உன்னை வைச்சுச் சோறு போட்டிருப்பன். இறங்கு.”

குறட்டோடு இறங்கி முதல் கம்பியை அறுத்தான். சுகமோ என்று கேட்டு மேலிருந்து குழாய் ஒருதரம் இழுபட்டது. ஓம் என்று அவனும் இழுத்தான். இரண்டாவது கம்பியைத் தொடுமுன் திரும்பவும் இழுபட்டது.