தரகர் நம்பரில் எரிந்த விளக்கு

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே வரப்பில் நடந்தால் அப்பாதுரையின் வீடு வரும். மின்கம்பம் மட்டும் அதுவரை வந்ததில்லை. நடுவில் நிலம் வைத்திருந்தவர் தன் கொல்லையில் ஒரு கம்பம்கூட நடவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பாதுரையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். அதனால், கூரைமேல் தகடும் சுவரில் பெட்டியுமாக சோலார் வந்து சேர்ந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு விளக்கு, ஒரு ஃபேன், சின்ன டிவி. மாதாமாதம் போனிலேயே ரீசார்ஜ். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு வேறு இருந்தது.

"எங்க இருந்து வேணா பெட்டிக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்கண்ணா. அணைஞ்சிருந்தா எரியும், எரிஞ்சா அணையும்" என்றாள், மாட்டித் தர வந்த கம்பெனிப் பெண் கவிநிலா.

அன்றிலிருந்து அப்பாதுரை பொழுது சாய்ந்ததும் பாதையோர டீக்கடைக்குப் போய்விடுவார். போனை அமுக்குவார். தூரத்தில் கொல்லைக்கு நடுவே வீடு பளிச்சென்று எரியும். டீ குடிப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்வரை அடுத்த வாய் டீ குடிக்கமாட்டார்.

தை பிறந்ததும் வந்தது வினை. சீரியலில் மாமியார் உயிலைப் பிரிக்கும் நேரம் பார்த்து டிவி அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது. அப்பாதுரை வீடு திரும்பியபோது அவர் மனைவி ராணியம்மாள் இருட்டில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"டீக்கடையில குந்திக்கினு இன்னாய்யா வெளையாட்டு இது?"

"நான் போனையே தொடலையே."

"அப்ப பெட்டிக்குப் பேய் புடிச்சிருக்கா?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே விளக்கு எரிந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அப்பாதுரை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

மறுநாள் காலையில் கவிநிலா வந்து பெட்டியைத் தன் போனோடு சேர்த்துப் பார்த்தாள். முன்பின் தெரியாத நம்பர்களிலிருந்தெல்லாம் பெட்டிக்குப் போன் வந்திருந்தது. அதில் ஒரு நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சோலார் பெட்டி நம்பரிலிருந்து பேசுவதாக அவள் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

"தரகர் வீடுங்களா? அவரு உயிரோடதான் இருக்காரா? பையன் வீட்ல இன்னா சொன்னாங்கோ?"

விஷயம் விளங்கியது. கல்யாணத் தரகர் ஒருவர் விட்டுப்போன நம்பரைத்தான் கம்பெனி வாங்கிப் பெட்டிக்குள் போட்டிருக்கிறது. முகூர்த்த மாதத்தில் பெண்ணைப் பெற்றவர்களும் பையனைப் பெற்றவர்களும் ஆளுக்கொரு தடவை கூப்பிட, இங்கே டிவி பாடுபட்டிருக்கிறது.

"வேற சிம் வர ஒரு வாரம் ஆவும்ணா. அதுவரைக்கும் பெட்டியில இருக்கிற பட்டனைக் கையாலயே போட்டுக்குங்க. வர்ற காலை எல்லாம் வேற போனுக்குத் திருப்பி விட்டுடறேன். யார் போனுக்கு?"

அப்பாதுரை ஓரடி பின்னால் போனார். ராணியம்மாள் தன் போனை நீட்டினாள்.

முதல் நாள் எல்லாருக்கும் "ராங் நம்பருங்க" என்றே சொன்னாள். இரண்டாம் நாள் போளூர்க்கார அம்மா ஒருத்தி மகனுக்குப் பெண் அமையவில்லை என்று அழுதாள். அழுகிறவளிடம் எப்படிப் போனை வைப்பது? "பையன் இன்னா வேலை பாக்கறான்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். சாயங்காலம் செங்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா கூப்பிட்டபோது அவளுக்குச் சொல்ல விஷயம் இருந்தது.

"பையனுக்கு முன்னாடி முடி கம்மி. ஆனா சிரிச்ச மூஞ்சியாம். கோவம் ஜாஸ்தி இல்லையாம்."

"இவ்ளோ நாள்ல நெசம் சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்றார் அவர்.

நெசம் சொல்கிற அம்மா என்று பேர் பரவியது. அடுப்படி அப்பாதுரை கைக்கு வந்தது. உப்புமா கிண்டக் கற்றுக்கொண்டார். இரண்டு வேளையும் அதையே கிண்டினார்.

அந்த வாரக் கடைசியில் வரப்பின் மேலேயே டிவிஎஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். நெசம் சொல்கிற அம்மா வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்த தரகர் முருகையன். திருப்பூரில் மகனோடு ஒரு வருஷம் இருந்துவிட்டாராம். போன் தொலைந்து நம்பரும் போய்விட்டதாம்.

"அது என் நம்பர்ம்மா. போளூர் பையனுக்கு மூணு வருஷமா நான் பாத்துக்கினு இருக்கேன்."

"பாத்துக்கினேதான் இருந்தீங்க" என்றாள் ராணியம்மாள்.

அவர் வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வேட்டவலத்துல இருந்து பேசறோம்மா. தரகர் முருகையனுக்கு ஒரு பையன் இருக்கானாமே? அவரைக் கேட்டா நல்லபடியாத்தான் சொல்லுவாரு. நீங்க நெசத்தைச் சொல்லுங்க."

முருகையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராணியம்மாள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பையன் எப்படி?"

ஊரார் பிள்ளைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மனிதர் இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார். "நல்ல பையன்தாம்மா."

"குடிப்பானா?"

"கம்மி."

"கம்மின்னா?"

"பனியன் கம்பெனியில சம்பளம் போட்ட அன்னிக்கு மட்டும்."

"வேற?"

"நல்லா சமைப்பான். கொட்டாவி விட்டா தெருவுக்கே கேக்கும்."

ராணியம்மாள் ஒன்றையும் விடாமல் போனில் ஒப்பித்தாள். முருகையன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் போன் கை மாறியது. அப்புறம் ஒரு பெண் குரல் கேட்டது.

"சமைப்பானா? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க."

அதற்குமேல் முருகையன் நம்பரைப் பற்றிப் பேசவில்லை. பையில் இருந்த மகன் ஜாதகத்தை எடுத்து ராணியம்மாளிடம் கொடுத்துவிட்டு, அப்பாதுரையின் உப்புமாவை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். கவிநிலா பெட்டிக்குப் புது சிம் போட்டாள். ஆபீசில் சொல்லி பழைய நம்பரை ராணியம்மாள் பெயருக்கே மாற்றிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டவலத்துக்கு அப்பாதுரையும் போகவேண்டியதாயிற்று. இஸ்திரி போட்ட சட்டையில், கூடத்து ஓரமாக உட்கார்ந்து, யாரோ சமைத்த கேசரியை ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க மாப்பிள்ளைக்கு எந்த வழியில சொந்தங்க?"

அப்பாதுரை வாயில் இருந்ததை விழுங்கினார்.

"கரண்ட்டு வழியிலங்க" என்றார்.