டுரியான் வாடை அடித்த கத்தி

சிலாட் என்னும் மலாய்த் தற்காப்புக் கலைப் போட்டியில் ஜோடிப் பிரிவு என்பது, இரண்டு பேர் மூன்று நிமிடம் கொலைவெறியோடு அடித்துக்கொள்வதுபோல் நடிப்பது. எந்த அடி எப்போது, எங்கே என்பதெல்லாம் பேசி வைத்ததுதான். வரிசை மாறினால் பதக்கம் போச்சு. பதக்கம் போனால் என் கல்லூரி இடமும் போச்சு. விளையாட்டு ஒதுக்கீட்டில் நுழைந்தவன் நான். வேறு எந்த வழியில் முயன்றிருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

என் ஜோடி ரெங்கா கையில் கத்தி, என் கையில் கம்பு. கத்தி அவன் அப்பா கொடுத்தது. விரிப்பில் ஏறியதும் அதை நெற்றியில் ஒற்றிக்கொள்வான். பாண்டுங் நகரில் நடந்த அரையிறுதியிலும் ஒற்றினான். என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"வில்டான், இதுல என்னடா டுரியான் வாடை?"

"பழம் வாங்கினேன். ஹாஸ்டல்ல வேற கத்தி இல்ல."

"எங்கப்பா குடுத்த கத்திடா, நாயே!"

"கழுவிட்டுத்தான் வெச்சேன்."

மணி அடித்தது.

முதல் வெட்டு என் தோளுக்கு ஒரு விரல் முன்னால் நிற்க வேண்டும். நிற்கவில்லை. போட்டிக் கத்தி மழுங்கல்தான். அது எலும்புக்குத் தெரியாது. அடுத்து நான் அவன் விலாவில் உதைக்க வேண்டும். உதைத்தேன், காலைப் பின்னிழுக்க மட்டும் மறந்துவிட்டேன். அவன் முழங்கை என் மூக்கை உடைத்தது. என் கம்பு அவன் முழங்காலில் இறங்கியது. விரிப்பெல்லாம் ரத்தம். ஆனால் ஒரு அடிகூட வரிசை மாறவில்லை.

கடைசியில் நான் சாக வேண்டும். மல்லாந்தேன். அவன் என் மார்பில் மிதித்துக் கத்தியை ஓங்கினான். அது என் காதோரம் விரிப்பில் குத்த வேண்டும். உருண்டு தப்பினால் கழுத்து மிஞ்சும், கல்லூரி மிஞ்சாது.

"மன்னிப்புக் கேளுடா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"செத்தவன் பேசக் கூடாதுடா."

கத்தி இறங்கியது. காது மடல் கிழிந்தது. நான் அசையவில்லை.

அரங்கமே எழுந்து கூச்சலிட்டது. முதலிடத்தில் இறுதிச் சுற்றுக்குப் போனோம். ஒரு நடுவர் மட்டும் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். வலிப்பதாக நான் காட்டிய முகபாவம் செயற்கையாக இருந்ததாம்.

காதில் தையல் போடும்போது ரெங்கா நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கத்திய எடுத்தத கூட விடு. எனக்கு ஒரு சுளை எடுத்து வெச்சியாடா?"

யோசித்தேன்.

"மறந்துட்டேன்."

"சரி," என்று எழுந்தான். "சாயங்காலம் ஃபைனல். அதே வரிசை. அதே காது."