செவ்வாய், வெள்ளி வகுப்பு

சசிதரன் முட்டையை மேஜைமேல் வைத்ததும் அது உருண்டு ஓடப் பார்த்தது. துண்டைச் சுருட்டி வளையமாக வைத்து அதன் நடுவில் நிறுத்தினான். பக்கத்தில் ஒரு வெங்காயம், ஒரு முருங்கைக்காய், இரண்டு தக்காளி, ஒரு கொத்து பன்னீர் திராட்சை. எல்லாம் வேலை முடிந்து கடையிலிருந்து வரும் வழியில் தேனி மார்க்கெட்டில் வாங்கியவை. காய்கறிக்காரம்மா ஒற்றை வெங்காயத்தைத் தராசில் வைக்க மனமில்லாமல் சும்மாவே கொடுத்துவிட்டாள். தனியாகப் பொங்கித் தின்கிற ஆள் என்று நினைத்திருப்பாள். அதுவும் உண்மைதான். பாடம் முடிந்ததும் இந்த முட்டையும் வெங்காயமும்தான் அவனுக்கு இரவுச் சாப்பாடு. போனைக் குக்கர்மேல் சாய்த்து, தன் முகம் தெரிகிறதா, பின்னால் கொடியில் கிடக்கும் துணி தெரியவில்லையா என்று பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உமாதேவிக்குச் சாயங்கால டூட்டி கிடையாது. கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக இருக்கிறாள். அவள் வீட்டில் இருந்தால்தான் போன் வீட்டில் இருக்கும். போன் இருந்தால்தான் ஜான்சியைப் பார்க்க முடியும். மூன்றாம் வகுப்பில் ஜான்சிக்கு இங்கிலீஷ் மட்டும் ஏறவில்லை என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னபோது, உமாதேவியே அவனை அழைத்து, “வாரத்துக்கு ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்” என்றாள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகு அவள் அவனை ‘என்னங்க’ என்றும் சொல்வதில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. அழைக்கும் சொல்லே இல்லாத மாதிரி வாக்கியங்களை அமைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். அவனுக்கு அது போதும். கொரோனா காலத்தில் தனியார் பள்ளிக்கூடம் அவனை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து மோட்டார் பம்புசெட் கடையில்தான் வேலை. படித்த இங்கிலீஷ் எல்லாம் ஹெச்பி, ஃபேஸ், கெப்பாசிட்டர் என்று சுருங்கிப்போயிருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருஷத்தில் அவன் பேசிய பேச்சும், பேசாமல் இருந்த இருப்பும்தான் உமாதேவியை எழுந்து போகவைத்தன. அதில் யாரையும் குறை சொல்ல அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

“அப்பா, எல்லாத்தையும் காட்டு” என்றாள் ஜான்சி, திரைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு. முன்பல் இரண்டும் புதிதாக முளைத்துப் பாதியில் நின்றன. அவளுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உமாதேவி பாத்திரம் கழுவுகிறாள். இந்த வகுப்புகளில் அவன் பாடத்தோடு சேர்த்து அந்த வீட்டையும் கேட்டுக்கொண்டிருப்பான். விசில் எத்தனை வந்தது, பருப்பா கறியா, மிக்சியில் அரைப்பது தேங்காயா மாவா என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவான்.

முட்டையைத் தூக்கிக் காட்டினான். “ஆன் எக்” என்றாள். வெங்காயத்துக்கும் ஆன். முருங்கைக்காய்க்கு ஏ. ஒரு தக்காளி இரண்டானால் கடைசியில் வெறும் எஸ் இல்லை, ஈ-யும் எஸ்ஸும். எல்லாம் சரியாக வந்தது.

“இப்ப ஒரு ஏமாத்து வேல இருக்கு, ஆத்தா. எழுத்தக் கண்ணால பாத்து முடிவு பண்ணக் கூடாது. காதால கேட்டு முடிவு பண்ணணும். மணிக்கு என்ன இங்கிலீஷு? எழுத்துல ஹெச்சு இருக்கு, ஆனா சத்தத்துல இல்ல. அதனால ஆன் அவர்.”

ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அவரா? எந்த அவரு?”

“ஏய், அந்த அவரு இல்ல. இது மணிக்கணக்கு.”

“அம்மாகூட போன்ல பெரியம்மாகிட்ட, ‘அவரு நல்ல மாதிரியாப் பேசுனாரு’ன்னு சொல்லுச்சுப்பா. அந்த அவருக்கும் ஆன் போடணுமா?”

யாராவது டாக்டராக இருக்கும் என்று நினைத்தான். நினைத்தானே தவிர, கை தன்னால் திராட்சைக் கொத்திலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துவிட்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி கொத்தின் மேலேயே வைத்தான். அடுத்ததைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தி எங்கே வரும் என்பது. “மொதத் தடவ ஒருத்தரப் பத்திச் சொன்னா ஏ, இல்லாட்டி ஆன். ஏன்னா கேக்குறவுகளுக்கு அவுக யாருன்னு தெரியாது. அடுத்த தடவ சொல்றப்பதான் தெரிஞ்சுபோச்சுல்ல, அப்ப தி போட்டுக்கிறணும். எங்க, நீயா ரெண்டு வரி எழுதிச் சொல்லு பாப்போம்.”

அவள் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு எழுதினாள். பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிப்பதுபோல ராகம் போட்டுப் படித்தாள்.

“ஏ அங்கிள் கேம் டு மை ஹவுஸ். தி அங்கிள் ஈஸ் வெரி டால்.”

குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.

பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி உமாதேவி நிற்பது சசிதரனுக்குத் திரையில் தெரியாமலே தெரிந்தது. ஜான்சி மட்டும் ஒன்றும் அறியாமல், சரியா தப்பா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொத வரியில ஒரு தப்பு” என்றான். “அங்கிள், ‘அ’ங்கிற சத்தத்துல ஆரம்பிக்குது. ஆன் அங்கிள். ரெண்டாவது வரி கரெக்ட்டு.”

“அப்ப பத்துக்கு அஞ்சா?”

“ஒம்பது போடலாம்.”

மீதிப் பாடம் பயிற்சிப் புத்தகத்தில் ஒருமை பன்மை. டூத், டீத். ஃபுட், ஃபீட். சைல்ட், சில்ட்ரன். வீட்டு ஆட்களின் வரிசை வந்தது. மதர், மதர்ஸ். சிஸ்டர், சிஸ்டர்ஸ். நடுவில் ஒன்றை அவன் தாண்டிப் போனான். தெரிந்தேதான் தாண்டினான்.

“அப்பா, ஃபாதர விட்டுட்ட” என்றாள் ஜான்சி. அவளே படித்தாள். “ஃபாதர், ஃபாதர்ஸ்.”

“ஆமா” என்றான். “அதுக்கும் எஸ்ஸுதான்.”

மறுநாள் கடமலைக்குண்டிலிருந்து வந்த ஒரு விவசாயிக்கு மூணு ஹெச்பி மோட்டாருக்குப் பதிலாக அஞ்சு ஹெச்பியை வண்டியில் ஏற்றிவிட்டான். கடைக்காரர் நல்லகண்ணு தெருவரைக்கும் ஓடி வண்டியை மறித்தார். “ஏலே, அந்தாளு கெணத்துல இருக்குறதே ரெண்டு பாகம் ஆழத் தண்ணி. அஞ்சு ஹெச்பியப் போட்டா சேத்தத்தான் இறைக்கணும். எங்கன இருக்கு புத்தி?” என்று கத்திவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். “போ. போயி சாப்புட்டு வா மொதல்ல.”

அவன் சாப்பிடப் போகவில்லை. கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சந்தில் நின்று உமாதேவிக்குப் போன் போட்டான்.

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றாள் எடுத்ததும். “ஜான்சி சொல்லிட்டாளாக்கும்.”

“சொல்லல. வாக்கியம் அமைச்சா.”

அவள், பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தின் முடிவைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். பெயர் விஜய்பாண்டி. வைகை அணையில் பொதுப்பணித்துறையில் வேலை. சம்சாரம் தவறி நாலு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் கோயிலில் வைத்துச் சுருக்கமாகக் கல்யாணம். அப்புறம் அணைக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோகிறார்கள், ஜான்சிக்கு ஆண்டிபட்டியில் பள்ளிக்கூடம்.

“தேனிக்குக் கிட்டதான்” என்றான் சசிதரன். கம்பத்தைவிட அணை அவனுக்குப் பக்கம். அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான பேச்சு என்று உறைத்தது.

“கிட்டதான்.” அவள் தயங்கினாள். “இந்தப் பாடத்தக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கிருவோம். வேணாம்னு சொல்லல. புள்ள புது வீட்ல ஒட்டணும்ல? செவ்வாயும் வெள்ளியும் இவ போனுக்கு முன்னால ஒக்காந்துட்டா, அவரு எங்கன போயி ஒக்காருவாரு?”

வக்கீலிடம் போகலாம். பிள்ளையைப் பார்க்கத் தனக்கு உரிமை இருப்பதாகக் காகிதமே இருக்கிறது. அதை எடுத்து நீட்டினால் உமாதேவியால் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தோடு அந்த வீட்டு வாசலில் நிற்கும் தன்னை அவன் ஒருமுறை மனதில் நிறுத்திப் பார்த்தான். ஜான்சி கதவிடுக்கில் நின்று யார் பக்கம் போவது என்று விழிப்பதையும் பார்த்தான்.

“பரீட்ச வரைக்கும் சொல்லிக் குடுக்கலாம்ல?” என்று கேட்டான்.

“அது வரைக்கும் சரி” என்றாள். போனை வைக்கும் முன்பு, “சாப்பிட்டாச்சா?” என்றாள். அதுவும் அழைக்கும் சொல் இல்லாத வாக்கியம்தான்.

மிச்சமிருந்த வகுப்புகளில் அவன் வேறு எதையும் பேசவில்லை. சூரியனுக்கும் நிலாவுக்கும் ஏன் தி, உப்புக்கும் பாலுக்கும் ஏன் பன்மை இல்லை, ஆடு எத்தனை நின்றாலும் ஏன் ஷீப் ஷீப்பாகவே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். கடைசி வெள்ளிக்கிழமைக்கு என்று சிலவற்றை மனதில் எடுத்துவைத்திருந்தான். எப்ப வேணும்னாலும் அப்பாவுக்குப் போன் பண்ணு, அங்கன யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக, அவுகளும் நல்லவுகதான், பயப்படாதே. ஆனால் அன்றைக்குப் பாடம் பாதியில் இருக்கும்போதே அந்த வீட்டில் யாரோ வந்தார்கள். கதவு திறக்கும் சத்தம், “வாங்க, வாங்க” என்ற உமாதேவியின் குரல், நாற்காலி இழுபடும் சத்தம். “அப்பா, ஆளுக வந்துட்டாக. நான் அப்புறம் பேசுறேன்” என்று சொல்லிக்கொண்டே ஜான்சி எழுந்தாள். போன் மல்லாந்து விழுந்தது. அதில் ஓடும் மின்விசிறி மட்டும் தெரிந்தது. யாரோ வந்து அணைக்கும்வரை அவன் அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரீட்சையில் நல்ல மார்க் என்று உமாதேவி குறுஞ்செய்தி அனுப்பினாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது, சசிதரன் வைகை அணைக்குப் பஸ் ஏறினான். அணைப் பூங்காவில் சுற்றுலா வந்தவர்கள் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மீன் பொரிக்கும் வாசனை ரோடுவரை வந்தது. டீக்கடையில் விஜய்பாண்டியின் பெயரைச் சொன்னதும் வழி காட்டினார்கள். பழைய ஓட்டு வீடுகளின் வரிசை. சில பூட்டிக் கிடந்தன. வேப்பமர நிழல் வாசலில் விழுந்திருந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏணியில் நின்ற வயதான பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். “சாரத் தேடியா வந்தீக? ஆண்டிபட்டிக்குப் போயிருக்காக. நீங்க ஆரு?”

சசிதரன் அவரை அண்ணாந்து பார்த்தான்.

“நான் பொண்ணு வீட்டு ஆளு” என்றான்.

“அப்படிச் சொல்லுங்க!” பெயிண்டர் முகம் மலர்ந்தது. தன் பெயர் சின்னக்கருப்பு என்றும், சார் தங்கமான மனுசன் என்றும் மேலிருந்தபடியே சொன்னார். “வீட்டச் சுத்திப் பாத்துக்கங்க. அந்தா அந்த ரூமு புள்ளைக்காம். ரோஸ் கலரு அடிக்கச் சொல்லிருக்காக.”

ஜன்னல் வழியே உள்ளே பார்த்தான். வெறும் அறை, தரையெல்லாம் சுண்ணாம்புத் துளிகள். ரோஸ் வேண்டாம், அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று வாய்வரை வந்துவிட்டது. அது அவள் யூகேஜி படிக்கும்போது. இப்போது அவளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று அவன் கேட்டதே இல்லை.

“நல்லாருக்கும்” என்றான்.

“அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. கையாள இன்னைக்குக் காணோம். ஏணி ஆடுது, உச்சிய முடிக்கிற வரைக்கும் செத்த நேரம் பிடிங்களேன்.”

சசிதரன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்தான். இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்து, அடிக்கட்டையில் ஒரு காலை அழுத்தி ஊன்றினான். மேலே வெள்ளையடிக்கும் மட்டை சுவரில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு சொட்டு அவன் மணிக்கட்டில் விழுந்து, குளிர்ந்து, மெல்ல முழங்கையை நோக்கி வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் ஏணி ஆடும். அவன் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.