ஏழாம் குழாயில் ஒரு சிவப்புத் துகள்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. சூளகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் காதில் விழுந்தது. முன் சீட்டுப் பெண் போனில் சொன்னாள்: "கடல்ல எறக்கறதுக்குள்ள சொல்லிடணும்ணா. அப்புறம் யாரு போய்த் தேடறது?"

இங்கிருந்து கடல் முந்நூறு கிலோமீட்டர். வாரத் தொடர் எழுதிப் பழகியவன் சும்மா இருப்பேனா? அவள் போனை வைத்ததும் கேட்டுவிட்டேன்.

2

முதலில் எழுதிய ஆரம்பம் இது:

'அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த மூவரில் இருவர் இப்போது உயிரோடு—'

அடித்துவிட்டேன். உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியும். வெப்பமும் உப்பும் அளக்கும் கருவி, பேட்டரி. இந்தக் குழாய்களை இந்தியாவும் நார்வேயும் சேர்ந்து கடலில் விடப்போகின்றன. இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்கும். பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து, கடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கும்.*

* இதைத் தெரிந்துகொண்ட அன்று வேறெதுவும் எழுதவில்லை. வருஷக்கணக்கில், தனியாக, இருட்டில். இதற்கு மேல் எந்த உளவாளி வேண்டும்?

அலுமினியக் குழாய்களைக் கடைந்து தருவது சூளகிரிப் பக்கத்துப் பட்டறை ஒன்று. மொத்தம் இருபது குழாய். கடைந்து மூடிபோடுபவர் முனிராஜ். தரம் பார்ப்பவள் சுஹைனா. பஸ்ஸில் பேசிய பெண்.

3

நார்வேயிலிருந்து வந்த இன்ஜினியர் மாரித் அழுத்தத் தொட்டியில் சோதித்தபோது ஏழாம் குழாய் கசிந்தது. மூடியைத் திறந்தால், ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் ஒரு சிவப்புத் துகள். துரு என்று சந்தேகம். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது; துரு என்றால் உலோகத்தில் இரும்புக் கலப்படம், இருபதும் தள்ளுபடி. வியாழக்கிழமை கப்பல் வெறுமனே போகும். அடுத்த கப்பலுக்கு ஒரு வருஷம்.

சுஹைனாவுக்குத் தெரியும், அது குங்குமம்.

புது ஆர்டரில் முதல் பீஸுக்குப் பொட்டு வைப்பது பட்டறை வழக்கம். இவை திரும்பி வராதவை என்பதால் முனிராஜ் இருபதுக்கும் வைத்தார். வைத்த விரலைத் துடைக்காமல் வளையத்தைப் பொருத்தினார்.

4

"தகராறு ஆச்சாம்மா?" என்று பஸ்ஸில் கேட்டேன். (ஆசையோடுதான்.)

"தகராறெல்லாம் இல்ல சார். அவரு விரல்ல குங்குமம் இருந்தத அப்பவே பார்த்தேன். தொடைங்கண்ணான்னு சொல்ல வந்தேன். பொட்டு விஷயத்துல நான் சொன்னா வேற மாதிரி ஆயிடுமோன்னு விட்டுட்டேன். பாஸ்னு கையெழுத்தும் போட்டேன்."

வீட்டுக்கு வந்தும் என் கை அடங்கவில்லை. 'சுஹைனா வாயைத் திறந்ததும் லேத்துகள் ஒவ்வொன்றாக நின்—'

பொய். அவளை ஜெயப்ரியா ஆக்கிவிட்டால் வம்பில்லை என்றும் பார்த்தேன். ஆனால் ஜெயப்ரியா அன்றைக்கே சொல்லியிருப்பாள்; கதையே இல்லை. பெயர் மாறாது.

5

முனிராஜோடு அந்த போன் பேச்சு, அவள் எனக்குத் திருப்பிச் சொன்னபடி:

"அண்ணா, அது துரு இல்ல."

"போட்டோ பார்த்தேன். எங்க வீட்டுக் குங்குமம் எனக்குத் தெரியாதா."

"கை சுத்தமில்லன்னு எழுதினா போதும். மீதிய தொறந்து தொடைச்சு கப்பல் ஏத்திடலாம். ஆறு மணிக்குள்ள ரிப்போர்ட் போகணும். ஆனா பேரு கேக்கறாங்க."

"என் பேரைப் போடு."

"அடுத்த வாரம் உங்க கான்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்க மாட்டாங்க."

"அத நான் பாத்துக்கறேன். பொட்டு வெச்சது தப்புன்னு மட்டும் எழுதாத. கை தொடைக்காதது தப்புன்னு எழுது. அவங்க ஊர்ல புதுக் கப்பல தண்ணில விடறப்ப அது மேல பாட்டிலயே ஒடைப்பாங்களாம். நம்ம பொட்டுல ஓட்டையா விழுது?"

"விழுந்துச்சேண்ணா."

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மாரித் சிரித்துவிட்டு முனிராஜின் கையைக் குலுக்குகிறாள். இன்னொன்றில் முதலாளி [வேண்டாம், இவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது].

தெரிந்தது இவ்வளவுதான். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது மணி ஐந்து நாற்பது. சுஹைனா போனை என் பக்கம் திருப்பினாள். 'காரணம்' என்ற இடத்தில் எழுதியிருந்தாள்: மூடும்போது கை துடைக்கப்படவில்லை. கீழே 'பொறுப்பானவர்' காலி. முனிராஜ் என்று அடித்து அழித்தாளாம். சுஹைனா என்று அடித்து அதையும் அழித்தாளாம்.

"எழுதறவங்கன்னு சொன்னீங்களே சார். யார் பேரு வரணும்?"

நான் பதில் சொல்வதற்குள் கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டார். அவளுடைய நம்பரை நான் வாங்கவில்லை.

அந்தக் கட்டத்தில் ஒரு பெயர்தான் கொள்ளும். கதைக்குள் ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. பெயரை நீங்கள் அடியுங்கள்.